எட்டு ரூபாய்க் கணக்கு: கொல்லிமலையில் தாய் சேய் ஊட்டச்சத்து

அங்கன்வாடிக் குழந்தை ஒன்றின் துணையுணவுக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 9 ரூபாய் 50 காசு. மிகவும் மெலிந்துபோன குழந்தையென்றால் 12 ரூபாய். ஒன்றிய அரசு 2017இல் திருத்தி வைத்த அளவு இது. மாநில அரசு தன் பங்குக்கு மேலே சேர்த்துக்கொள்வது தனி. நாமக்கல் நகரத்துக்குள் இருக்கும் அங்கன்வாடிக்கும், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, செம்மேட்டில் இறங்கி, அங்கிருந்து வேறு வண்டி பிடித்துப் போகவேண்டிய கொல்லிமலைக் குக்கிராமத்துக்கும் ஒரே அளவுதான்.

பிள்ளைத்தாய்ச்சிக்கும் பிள்ளைக்கும் வயிறாரப் போடுவது புண்ணியம் என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தோம். நிதித்துறைக் கோப்பில் புண்ணியத்துக்குப் பத்தி கிடையாது. அதனால் ஊட்டச்சத்துக்காகப் போராடுகிறவர்கள் சென்ற இருபது முப்பது ஆண்டுகளில் பேச்சை மாற்றிக்கொண்டார்கள்: இதில் போடும் பணம் முதலீடு, பல மடங்காகத் திரும்பி வரும் என்று கணக்குக் காட்டத் தொடங்கினார்கள். அந்தக் கணக்கு எந்த அளவுக்குச் செல்லும், கொல்லிமலை போன்ற இடத்தில் அது எங்கே இடறுகிறது என்று பார்ப்பதுதான் இங்கே வேலை. என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கு சரியானதுதான். ஆனால் அதன் பேரேட்டில் பெண்ணின் உழைப்பு நேரத்துக்கு இடமில்லை. மலையேறும் செலவுக்கும் இடமில்லை.

எத்தனை மடங்கு?

ஊட்டச்சத்தில் போடும் ஒரு டாலருக்கு 4 முதல் 35 டாலர் வரை திரும்பும் என்று உலக வங்கி 2017இல் சொன்னது. 2024இல் அதே வங்கி சொன்ன எண் 23. அதற்கும் முன்னால், 2012இல், கோபன்ஹேகன் கன்சென்சஸ் என்ற அமைப்புக்காகக் கணக்கிட்ட பொருளியலாளர்கள் 30 என்றார்கள். ஆளுக்கொரு எண் வருவதில் மோசடி ஒன்றும் இல்லை. மூன்று வரவுகளை எல்லோருமே கூட்டுகிறார்கள்: சாகாமல் தப்பும் குழந்தைகள், நன்றாகப் படித்துக் கூடுதலாகச் சம்பாதிக்கும் பெரியவர்கள், பிற்காலத்தில் மிச்சமாகும் வைத்தியச் செலவு. எந்த வரவுக்கு எவ்வளவு விலை போடுவது, இருபது ஆண்டு கழித்து வரும் ரூபாயை இன்றைக்கு எத்தனை காசாக மதிப்பது என்பதில்தான் வித்தியாசம். 20 ஆண்டு கழித்து வரும் 100 ரூபாய்க்கு, 3 சதவீதக் கழிவில் இன்றைய மதிப்பு 55 ரூபாய். 10 சதவீதக் கழிவில் 15 ரூபாய்கூட இல்லை. பாலத்துக்கும் பாசனத்துக்கும் பலன் சீக்கிரம் கண்ணில் படும். கருவிலிருக்கும் குழந்தைக்குப் போட்ட சோற்றின் பலன் நான்கு தேர்தல் தாண்டித்தான் வரும்.

இந்த வாதத்துக்கு முதுகெலும்பாக நிற்பது குவாத்தமாலாவில் நடந்த ஒரு பரிசோதனை. 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்கள். இரண்டில் அட்டோலே என்ற புரதம் மிகுந்த கஞ்சி. மற்ற இரண்டில் புரதமே இல்லாத ஓர் இனிப்புப் பானம். அந்தக் குழந்தைகளை 2000களில் தேடிப் பிடித்து, பெரியவர்களாகி என்ன சம்பாதிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். மூன்று வயதுக்குள் கஞ்சி குடித்த ஆண்களின் மணிக்கூலி சுமார் 46 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2008இல் லான்செட் இதழில் வந்த இந்த எண் பிறகு எல்லா மாநாட்டிலும் ஒலித்தது.

அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் உண்டு. அது அவ்வளவாக ஒலிக்கவில்லை. பெண்களுக்கு இந்தக் கூலி உயர்வு தெரியவில்லை. கஞ்சி அவர்கள் உடம்பில் ஒட்டவில்லை என்பதல்ல காரணம். அதே பரிசோதனையில் வளர்ந்த பெண்கள் பள்ளியில் கூடுதல் வகுப்பு படித்திருக்கிறார்கள் என்று வேறு ஆய்வு காட்டியது. அவர்களில் பலர் கூலிவேலைக்கே போகவில்லை. கூலி வாங்காதவளின் கூலி உயர்வு எந்த ஏட்டில் ஏறும்?

2013இல் வந்த மற்றொரு ஆய்வு, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவைத் தடுப்பதில் போடும் பணம் எந்த நாட்டில் எத்தனை மடங்காகும் என்று பட்டியலிட்டது. காங்கோ ஜனநாயகக் குடியரசில் மூன்றரை மடங்குக்குச் சற்று மேல்; இந்தோனேசியாவில் 48 மடங்கு. காங்கோக் குழந்தையின் மூளை வேறு விதமாக வளர்வதில்லை. நாட்டின் வருமானமும் அது வளரும் வேகமும் சூத்திரத்தில் பெருக்கப்படுகின்றன, அவ்வளவுதான். கூலி குறைந்த இடத்தில் மடங்கும் குறையும். கொல்லிமலையைத் தனி நாடாக எடுத்து அந்தச் சூத்திரத்தில் போட்டால், கோயம்புத்தூரைவிடக் குறைந்த எண்தான் வரும். பலன் அதிகமுள்ள இடத்துக்கு முதலில் பணம் என்று ஒரு நேர்மையான அதிகாரி முடிவெடுத்தால்கூட, மலை கடைசியில் நிற்கும்.

சரி, மடங்கை விட்டுவிட்டு நாமே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கர்ப்பத்தில் 9 மாதம், பாலூட்டலில் 6 மாதம், ஆக 15 மாதம் தாய்க்கு. மாதம் 25 நாள், நாளுக்கு 9.50 ரூபாய் என்றால் சுமார் 3,560 ரூபாய். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை 18 மாதம் குழந்தைக்கு, நாளுக்கு 8 ரூபாய் வீதம் 3,600 ரூபாய். இரண்டும் சேர்ந்து 7,160. இது உணவுச் செலவு மட்டும். ஊழியர் சம்பளம், வண்டி வாடகை, மாத்திரை, மருத்துவம் எல்லாம் சேர்த்து மூன்று பங்கு என்று தாராளமாக வைத்தால் 21,500 ரூபாய். இதே பணத்தை 5 சதவீத வட்டியில் 20 ஆண்டு போட்டுவைத்திருந்தால் 57,000 ரூபாய் ஆகியிருக்கும். அந்தக் குழந்தை 20 வயதில் வேலைக்குப் போய் 30 ஆண்டு உழைத்து, அதே வட்டியோடு இந்தத் தொகையை அடைக்கவேண்டுமானால் ஆண்டுக்கு 3,700 ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தால் போதும். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். கூலி ஒரு காசு ஏறாது என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்குப் பதினொரு நாள் கூலியில் கடன் தீர்ந்துவிடும்.

பதினொரு நாள் வருமா? இந்தோனேசியாவில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளர்களுக்கு இரும்புச்சத்து கொடுத்துச் செய்த 1970களின் ஆய்வை அடிப்படையாக வைத்து, கடின உடலுழைப்பில் ரத்தசோகையால் போகும் உற்பத்தி 17 சதவீதம் என்று பொருளியலாளர்கள் கொள்கிறார்கள். ஆண்டுக்கு 200 நாள் வேலை என்றால் 34 நாள் கூலி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும், இரும்புச்சத்து பெற்ற பெண்கள் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள் என்று 1979இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் எழுதியது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கும், கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு. முந்தைய ஆய்வில் கர்ப்பிணிகளின் கணக்கு 44.4. வளர்த்தி குன்றிய குழந்தைகள் 27.1 சதவீதத்திலிருந்து 25க்கு வந்திருக்கிறார்கள். குழந்தைகளின் ரத்தசோகையோ 50.7இலிருந்து 57.4க்கு ஏறியிருக்கிறது. பணக்கார மாநிலங்களில் ஒன்று என்று பெயரெடுத்த மாநிலத்தின் நிலை இது.

உரலும் லாரியும்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சியில், சராசரியாக 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று 14 நாடுகள்; மலையின் உட்பிரிவுகளுக்கு அங்கே அப்படிப் பெயர். மக்கள்தொகை நாற்பதாயிரத்தை ஒட்டி. பெரும்பாலோர் மலையாளி என்ற பட்டியல் பழங்குடியினர். கேரளத்தோடு சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாயகங்கை அருவிக்கும் வருகிறவர்கள் வழியெல்லாம் பார்ப்பது மிளகுக்கொடியும் காப்பிச் செடியும் மரவள்ளிக் காடும்.

இங்கே ஒரு தலைமுறைக்கு முன்னால் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு விளைந்தன. ஒவ்வொன்றிலும் ரகங்கள்: கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலச் சாமை, செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை. சாமைக் காட்டில் சாமை மட்டும் இருக்காது. ஊடே அவரை, துவரை, கடுகு, தானாக முளைத்த கீரை எல்லாம் இருக்கும். 1970களுக்குப் பிறகு சாலையும் சந்தையும் வர, மரவள்ளி இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. சேலத்தில் 1940களிலேயே ஜவ்வரிசித் தொழில் காலூன்றிவிட்டது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது. சேலம், நாமக்கல் ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். மலையில் நிலம் இருந்தது. மேட்டுச் சரிவில் அதிகப் பராமரிப்பில்லாமல் வளரும், மொத்தமாக லாரியில் ஏறும், கையில் ஒரே தடவையில் பணம் வரும். எந்த விவசாயி வேண்டாமென்பார்? அந்தப் பணத்தில் வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள், ஆஸ்பத்திரிக்குக் கட்டினார்கள். மலைக்காரர்கள் ஏமாந்துபோனார்கள் என்று எழுதுவது அவர்களை அவமதிப்பது.

ஆனால் மரவள்ளி பத்துப் பன்னிரண்டு மாதம் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். அவரையும் துவரையும் கீரையும் அதோடு போயின. கிழங்கு விற்ற காசு ஆண்டுக்கு ஒருமுறை வரும், பெரும்பாலும் ஆணின் கைக்கு. சாமை குதிரில் கிடக்கும். அதை எப்போது எடுப்பது, யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானித்தது வீட்டுப் பெண். வருமானம் கூடியபோதே சாப்பாட்டின் மீதான அவள் அதிகாரம் குறைந்தது. குடும்ப வருமானம் கூடினால் ஊட்டச்சத்து தானாகக் கூடும் என்று நம்பும் பொருளியல், இந்த இடத்தில் வந்து பார்க்கவேண்டும்.

சாமை தட்டிலிருந்து போனதற்கு மரவள்ளியை மட்டும் குற்றம்சாட்டினால் பாதி உண்மைதான். மறுபாதி உரலில் இருக்கிறது. கேழ்வரகை நேரே மாவாக்கிவிடலாம். சாமை அப்படியல்ல, உமி அரிசியைக் கவ்விப் பிடித்திருக்கும். வெயிலில் காயப்போட வேண்டும். உரலில் கொட்டி உலக்கை போட வேண்டும். முறத்தில் புடைத்து, உமி கழலாததைப் பிரித்து, மறுபடி உரலில் போட வேண்டும். மீண்டும் புடைக்க வேண்டும், கல் பொறுக்க வேண்டும். இதெல்லாம் காட்டு வேலை முடிந்து, தண்ணீரும் விறகும் வீடு வந்து சேர்ந்த பிறகு. நிறைமாதக்காரிக்கும் விலக்குக் கிடையாது. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குக் கூடுதலாக 350 கலோரி வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கிறது. அதில் எவ்வளவை உலக்கை பிடுங்கிக்கொள்ளும் என்று எந்தத் திட்ட அறிக்கையும் கழித்துப் பார்ப்பதில்லை. ரேஷன் அரிசி வந்ததும் உலக்கையை மூலையில் சாத்தினார்கள். 2011 முதல் அந்த அரிசி இலவசம். அந்தப் பெண்கள் எடுத்த முடிவு, சுத்தமான பொருளாதார முடிவு. தன் நேரத்துக்கு அவர்கள் ஒரு விலை போட்டார்கள். அரசாங்கம் இன்னும் போடவில்லை.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையில் வேலை செய்கிறது. விதை வங்கி, தானிய வங்கி என்று தொடங்கி, சுயஉதவிக் குழுக்கள் நடத்தும் சிறுதானிய அரவை இயந்திரங்கள் வரை போனது. 2011 முதல் 2014 வரை கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கொல்லிமலை, வயநாடு, ஒடிசாவின் ஜெய்ப்பூர் ஆகிய மூன்று இடங்களில் வறுமைக்கும் ஊட்டக்குறைவுக்கும் எதிராக ஒரு திட்டத்தை நடத்தியது. இவற்றில் என் கண்ணுக்கு மிகப் பெரிய ஊட்டச்சத்து முதலீடாகப் படுவது, உமி நீக்கும் இயந்திரம். அது எந்த ஊட்டச்சத்து பட்ஜெட்டிலும் வராது. விவசாயக் கருவி என்ற தலைப்பில் போய்விடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சாமைக்குப் பட்டணத்தில் கிராக்கி ஏறிவிட்டது. 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபிறகு இன்னும் ஏறியது. சென்னைக் கடையில் பொட்டலம் போட்ட சாமைக்கு நல்ல விலை கிடைத்தால், சாமை மலையில் தங்காது. விற்றுவிட்டு ரேஷன் அரிசியைச் சாப்பிடுவதுதான் லாபம். நம் சர்க்கரை நோய்க்கு அவர்கள் சாமை, அவர்கள் பிள்ளைக்கு நம் பட்டை தீட்டிய அரிசி என்று பண்டமாற்று நடக்கிறது. நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023இல் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியதுபோல, கொல்லிமலையில் விளைவதைக் கொல்லிமலை அங்கன்வாடியே நல்ல விலைக்கு வாங்கினால்தான் இது மாறும்.

அதற்காகச் சாமையை அமுதமாக்கவும் வேண்டாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 100 கிராம் சாமையில் 9.3 மில்லிகிராம் இரும்பு என்று இருந்தது. அதே நிறுவனம் 2017இல் புதிதாகச் சோதித்து வெளியிட்ட அட்டவணையில் 1.26. மேடைகளில் இன்னும் பழைய எண்ணைத்தான் சொல்கிறார்கள். கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்து மட்டும் இரண்டு அட்டவணையிலும் தாராளம்: 344 என்றிருந்தது, இப்போது 364 மில்லிகிராம். சாமை வந்தால் அதோடு அவரையும் கீரையும் திரும்பி வரும் என்பதே சாமைக்கான உண்மையான வாதம். ரத்தசோகைக்கு மாத்திரை, கீரை, பருப்பு, முட்டை எல்லாமே வேண்டும்.

முட்டை நகரத்தின் தலைக்குமேல்

நாமக்கல் தமிழ்நாட்டின் முட்டைக் களஞ்சியம். சத்துணவு முட்டைகளுக்கு ஆதாரமே இந்த வட்டாரக் கோழிப்பண்ணைகள்தான். அதற்கு நேர் மேலே கொல்லிமலை. இப்போது இந்த ஏற்பாட்டைப் பாருங்கள். சத்துணவில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக நுழைந்த முட்டை, படிப்படியாக ஏறி 2010இல் பள்ளி நாளெல்லாம் ஒன்று என்று ஆனது. அங்கன்வாடியில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு வாரம் மூன்று. ஒன்று முதல் இரண்டு வயதுக்கு அதைவிடக் குறைவாகவே இருந்துவந்தது. ஒரு வயதுக்குக் கீழே சத்துமாவு மட்டும். வயது ஏற ஏற முட்டை கூடுகிறது. மூளையும் எலும்பும் வேகமாக வளர்வதோ முதல் இரண்டு வருஷத்தில். எக்வடோரில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் தினம் ஒரு முட்டை கொடுத்ததில் வளர்த்திக் குறைவு ஏறக்குறையப் பாதியானது. மலாவியில் அதே முறையில் செய்துபார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. அங்கே ஏரி மீன் ஏற்கெனவே தட்டில் இருந்தது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. கொல்லிமலைக் குழந்தையின் தட்டு எக்வடோர்ப் பக்கமா, மலாவிப் பக்கமா என்பதை யூகிக்க ஆராய்ச்சி தேவையில்லை.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் ஊருக்கு முன்னால் நடந்த மாநிலம் என்பதை மறக்கக்கூடாது. 1980இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதாமாதம் எடைபோட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட நாள்வரை சத்துருண்டை கொடுத்தது. கடுமையான ஊட்டக்குறைவு குறைந்தது. மிதமானது அவ்வளவாக அசையவில்லை. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கினார். மாநிலத்துக்குக் கட்டுப்படியாகாது, ஓட்டுக்கான வேலை என்றார்கள். பொருளாதார நியாயம் எதையும் கேட்டுக்கொண்டு அது வரவில்லை. நியாயம் நாற்பது ஆண்டு கழித்து வந்தது: நாடு முழுவதற்குமான பள்ளி மதிய உணவை ஆராய்ந்து 2021இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த கட்டுரை, பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட சிறுமிகள் பின்னாளில் தாயானபோது அவர்கள் குழந்தைகள் உயரமாக இருப்பதைக் காட்டியது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் முழு வரவும் இதேபோல இன்னும் இருபது ஆண்டில்தான் தெரியும்.

பள்ளி மதிய உணவு பற்றிய அந்தக் கட்டுரை தாயைப் பற்றியும் ஒன்று சொல்கிறது. கர்ப்பம் உறுதியான பிறகு ஓடிப்போய் ஊட்டினால் பாதி வண்டி போய்விட்டது. புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் 1990களில் கிராமத்துக் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, குழந்தையின் பிறப்பு எடையோடு அதிகம் பொருந்தியது தாய் சாப்பிட்ட கீரையும் பழமும் பாலும். மொத்தக் கலோரி அல்ல. மும்பைக் குடிசைப் பகுதியில் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே கீரை, பால், பழம் கலந்த பலகாரம் கொடுத்துச் செய்த பரிசோதனையில் (2014), மூன்று மாதம் முன்னதாகத் தொடங்கியவர்களின் குழந்தைகளுக்குத்தான் எடை கூடியது. கர்ப்பகால நீரிழிவு 12.4 சதவீதத்திலிருந்து 7.3 சதவீதமாக இறங்கியதும் அதே பரிசோதனையில்தான். நீரிழிவு மருந்துக்கு ஆயுள் முழுவதும் செலவழிக்கும் மாநிலம் இந்த எண்ணை மட்டும் பார்த்தே பர்ஸைத் திறக்கலாம்.

நம் திட்டம் எப்படி இருக்கிறது? டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 1987இல் 300 ரூபாயாகப் பிறந்து, 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட 18,000 என்று வளர்ந்தது. நாட்டிலேயே முன்மாதிரி, சந்தேகமில்லை. அதற்கு 19 வயது நிரம்பியிருக்கவேண்டும், முதல் இரண்டு பிரசவமாக இருக்கவேண்டும் என்று நிபந்தனை. இளவயதுத் திருமணத்தைத் தடுப்பது நோக்கம். ஆனால் பதினேழு வயதில் கருவுற்றவளின் உடம்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கிடைக்கும் சத்துக்குத் தாயும் சேயும் உள்ளே போட்டி போடுகிறார்கள். ஊட்டம் மிகவும் தேவைப்படுகிறவளை நிபந்தனை வெளியே நிறுத்துகிறது. தண்டனை அனுபவிப்பது, கல்யாணத்தை முடிவுசெய்த பெரியவர்கள் அல்ல, பிறக்கப்போகும் பிள்ளை. குழந்தைத் திருமணத்துக்குச் சட்டம் இருக்கிறது, அதை அங்கே நடத்தட்டும். பெட்டகத்தைப் பறிப்பது தடுப்பு ஆகாது.

கையில் கூலி கிடைத்தால் மலைப் பெண்ணுக்கு எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இலங்கை மலையகத்தைப் பார்க்கலாம். தோட்டத் தமிழ்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கூலி வாங்குகிறவர்கள். வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா உண்டு. 1973 முதல் அரசின் திரிபோஷ சத்துமாவு உண்டு. இருந்தும் 2016 கணக்கெடுப்பில் இலங்கையில் வளர்த்தி குன்றிய குழந்தைகள் 17.3 சதவீதம், தோட்டப் பகுதியில் 31.7 சதவீதம். நாளெல்லாம் கொழுந்துக் கூடையோடு நிற்கிறவளுக்குச் சமைக்கவும் ஊட்டவும் நேரம் எங்கே? கொல்லிமலைப் பெண் கூலியில்லாமல் உழைக்கிறாள், தோட்டப் பெண் கூலிக்கு உழைக்கிறாள். இரண்டு பேருக்கும் ஓய்வில்லை. அந்த நேரப் பற்றாக்குறை குழந்தையின் உயரத்தில் தெரிகிறது.

ஆட்சேபணை ஒன்று உண்டு. மலையில் செலவழித்துப் பிள்ளையை வளர்த்தால், அது படித்துவிட்டுத் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விடும். மலைக்கு என்ன லாபம்? போகட்டுமே. அந்தப் பிள்ளையின் உழைப்பும் வரியும் தமிழ்நாட்டுக்குத்தான் வரும். அதனாலேயே இந்தச் செலவை ஊராட்சியின் தலையில் கட்டாமல் மாநிலம் ஏற்கவேண்டும். பணம் ஒழுகும் என்பது இன்னொரு ஆட்சேபணை. ஒழுகத்தான் செய்யும். எடைபோட்ட பதிவேட்டைக் கிராமசபையில் வாசித்தால் குறையும்.

பிறகு, மலையேறும் செலவு. சமவெளி அங்கன்வாடிக்கு மாவு மூட்டை வாசலில் இறங்குகிறது. மலையில் வண்டி போகாத குடியிருப்புக்குத் தலைச்சுமை. முட்டை உடைகிறது, மழைக்காலத்தில் வண்டி தாமதமாகிறது. கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு நாளில் சமவெளியில் பார்க்கும் வீடுகளில் பாதியைத்தான் மலையில் பார்க்கமுடியும். சராசரி விலையில் ஒதுக்கினால், இந்தக் கூடுதல் செலவு எங்கிருந்தோ கழிக்கப்படும். கழிக்கப்படும் இடம் குழந்தையின் தட்டு. பழங்குடிப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை கட்டியபோது, தூரத்துக்கும் ஒரு செலவு உண்டென்று அரசு ஒப்புக்கொண்டது. பிரசவத்துக்கு ஒப்புக்கொண்டதைச் சாப்பாட்டுக்கும் ஒப்புக்கொள்ளட்டும்.

கேட்கவேண்டியது பெரிய தொகையல்ல. கொல்லிமலை, கல்வராயன், ஜவ்வாதுமலை, ஏற்காடு, பச்சைமலை போன்ற மலைப்பகுதிகளின் அங்கன்வாடிக்குத் தனி உணவு விலை நிர்ணயம். இரண்டு வயதுக்குக் கீழே தினம் ஒரு முட்டை. ஒவ்வொரு மலைநாட்டிலும் பெண்கள் குழுவின் பொறுப்பில் ஓர் உமி நீக்கும் இயந்திரம், மின்கட்டணத்தோடு. அதையும் ஊட்டச்சத்துச் செலவாகவே கணக்கெழுத வேண்டும். மகப்பேறு உதவிக்கு வயது நிபந்தனை நீக்கம். சமூக நலத்துறையின் அடுத்த மானியக் கோரிக்கை வரும்போது, சேந்தமங்கலம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் இந்த நான்கையும் எழுந்து கேட்கவேண்டும். சேந்தமங்கலம் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. கொல்லிமலை அதற்குள்தான் இருக்கிறது.